ஊறல் பானையும் எறும்பின் அமிலமும்

2024 ஜூன் 18-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள், வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று அடுத்தடுத்து அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடனே போலீஸ் கல்வராயன் மலையேறி ஊறல்களைத் தேடித்தேடி அழித்தது. மலையில் சாராயம் காய்ச்சுவது இன்று நேற்று தொடங்கியதல்ல. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த சேலம் மாவட்டத்தில்தான் அந்த மலையின் மேற்குப் பகுதி இருக்கிறது. ஆகவே மலைச் சாராயம்தான் கொன்றது என்ற எண்ணம் பலர் மனத்தில் எளிதாகப் பதிந்துவிட்டது. அது தவறு என்பதே என் வாதம். கொன்றது மெத்தனால், அது ஊறலில் பிறந்ததல்ல, ஆலைகளுக்கென்று தயாராகும் சரக்கு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் இதே மெத்தனால்தான் உயிர்களைக் குடித்தது. அது கடலோர மீனவர் கிராமம். அங்கே மலையும் இல்லை, ஓடையும் இல்லை.

வெல்லத்தைக் கரைத்து, வேலம்பட்டையைப் போட்டு மூடிவைத்தால் சில நாளில் ஊறல் நுரைக்கிறது. நுரைக்கவைப்பது ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிர். 1897-ல் ஜெர்மன் வேதியியலாளர் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, செல்லே இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்கவைப்பதைக் கண்டார். உயிரின் வேலை என்று எண்ணியது நொதிகளின் வேலை என்று தெரிந்தது. அந்த நொதிகள் ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக வெளியேற்றுகின்றன. மிஞ்சுவது இரண்டு கார்பன் கொண்ட எத்தனால். ஒரே கார்பன் கொண்ட மெத்தனாலுக்கு இந்தப் பாதையில் இடமே இல்லை. பழத்திலும் பட்டையிலும் உள்ள பெக்டின் சிதைந்தால் கொஞ்சம் மெத்தனால் வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் சொற்பம், அதுவும் பன்மடங்கு எத்தனாலோடு சேர்ந்தே வரும். காய்ச்சி வடித்தாலும் பானையில் இல்லாதது குழாயில் வராது. மலைச் சாராயம் ஈரலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஒரே இரவில் ஒரு தெருவையே வாரிக்கொண்டு போவது வேறொன்று.

மெத்தனால் உள்ளே போன உடனே கொல்வதில்லை. ஈரல் செல்லின் நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. முசுறு கடித்த இடத்தில் சுரீரென்று எரிகிறதே, அதே அமிலம். எலியின் ஈரல் இதை விரைவாகக் கழித்துவிடும்; மனித ஈரலில் அதற்கு வேண்டிய ஃபோலேட் குறைவு என்பதால் அமிலம் தேங்குகிறது. தேங்கியது மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் மூச்சுத் திணறுகிறது. ஓயாமல் ஆற்றல் வேண்டும் பார்வை நரம்பு முதலில் அடிவாங்குகிறது. அமிலம் சேரப் பல மணி நேரம் ஆவதால், ராத்திரி நன்றாகத் தூங்கியவர் காலையில் எழுந்து கண் தெரியவில்லை என்கிறார்.

அப்படியானால் ஒரே சரக்கைக் குடித்தவர்களில் சிலர் எப்படிப் பிழைக்கிறார்கள்? குடித்த அளவும் மருத்துவமனைக்கு வந்த நேரமும் ஒரு காரணம். இன்னொன்று, கூடவே உள்ளே போன எத்தனால். இரண்டையும் மாற்றுவது ஒரே நொதி. எத்தனால் இருந்தால் அதையே அது பலமாகப் பற்றிக்கொள்ளும், மெத்தனால் மாறாமலே சிறுநீரிலும் மூச்சிலும் மெல்ல வெளியேறும். 1940-களில் நார்வே மருத்துவர் ஒலுஃப் ரோ இதைச் சிகிச்சையாக எடுத்துச் சொன்னார். ஃபோமெபிசோல் என்ற விலை உயர்ந்த மருந்து கிடைக்காத இடங்களில், டயாலிசிஸ் தொடங்கும்வரை அந்த நொதிக்கு வேறு வேலை கொடுக்க மருத்துவர்கள் இன்றும் அளந்து ஏற்றுவது எத்தனாலைத்தான். வெல்ல ஊறல் நுரைத்துத் தருவதும் அதே எத்தனால்தான்.