கம்பில் உரசிய பூனைகள்

1946-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வெளியானது. பெயர் 'புதிர்ப்பெட்டியில் பூனைகள்'. எழுதியவர்கள் எட்வின் கத்ரி, ஜார்ஜ் ஹார்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள். முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி, உள்ளே செங்குத்தாக நட்ட ஒரு கம்பு. கம்பு கொஞ்சம் சாய்ந்தால் போதும், கதவு திறந்துகொள்ளும். பூனையை உள்ளே விட்டு அது எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். கம்பு நகரும் கணத்தைப் படம்பிடிக்கக் கேமராவும் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 800 தடவை இது நடந்தது.

படங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. பல பூனைகள் கன்னத்தையும் விலாவையும் கம்பில் உரசிக்கொண்டே நடந்தன. ஒரே பூனை ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உரசியது. ஏதோ மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுபோல.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் பூனையைப் பற்றியதே இல்லை, 'கற்றல் என்றால் என்ன' என்பதைப் பற்றியது. 1880-களில் ஜார்ஜ் ரோமனீஸ் போன்றவர்கள், பூனை கதவுத் தாழ்ப்பாளைத் திறப்பதைச் சொல்லி 'பாருங்கள், யோசிக்கிறது' என்று எழுதினார்கள். எட்வர்ட் தார்ண்டைக்குக் கதை கேட்பதில் நம்பிக்கை இல்லை. 1898-ல் பசித்த பூனைகளைப் பெட்டிகளில் அடைத்தார், நேரத்தைக் குறித்தார். பூனை யோசிக்கவில்லை, தட்டுத்தடுமாறித்தான் வழி கண்டுபிடிக்கிறது, பலன் தந்த அசைவு மட்டும் தங்கிவிடுகிறது என்றார். கத்ரி இன்னும் ஒரு படி மேலே போனார். பலன்கூடத் தேவையில்லை, பெட்டியை விட்டு வெளியேறும் முன் கடைசியாகச் செய்த அசைவு அப்படியே உறைந்துவிடும், அதுதான் கற்றல். உரசும் படங்கள் அதற்குச் சாட்சி. பாடப்புத்தகங்களில் அது ஏறிவிட்டது.

33 வருஷம் கழித்து, 1979-ல், 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் மூர், சூசன் ஸ்டட்டர்ட். தலைப்பிலேயே குறும்பு: 'டாக்டர் கத்ரியும் வீட்டுப்பூனையும், அல்லது பூனை தடுக்கி விழுதல்'. அவர்களும் கம்பு வைத்தார்கள். ஆனால் கம்பை அசைத்தால் எந்தப் பலனும் கிடைக்காது. ஒரே ஒரு வித்தியாசத்தைத்தான் சோதித்தார்கள்: பூனையின் கண்ணுக்கு மனிதர் தெரிகிறாரா, இல்லையா?

ஆள் தெரிந்தபோது பூனைகள் கம்பில் உரசின. ஆள் தெரியாதபோது உரசவில்லை.

அவ்வளவுதான். கத்ரியின் கண்ணாடிக்கு வெளியே பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூனை அவர்களுக்கு வணக்கம் சொன்னது. காலில் உரச வழியில்லாததால் கைக்கெட்டிய கம்பில் உரசியது. பாவம், அந்த வணக்கம் பாடப்புத்தகத்தில் 'உறைந்த பழக்கம்' என்று பதிவாகிவிட்டது.

எங்கள் தெருவிலும் இதைத் தினமும் பார்க்கிறேன். மீன்காரம்மா கூடையை இறக்கியதும் ஒரு சாம்பல் பூனை வாலைக் குத்திட்டு நிமிர்த்திக்கொண்டு வரும். அவர் காலை நெருங்கப் பயம். அதனால் கேட்டில் கன்னத்தைத் தேய்க்கும், ஸ்கூட்டர் சக்கரத்தில் விலாவைத் தேய்க்கும், கண் மட்டும் அம்மாவின் மேலேயே இருக்கும். பூனையின் கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் வாலடியிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. வாலை உயர்த்தி வந்து உரசுவது குட்டிகள் தாயை வரவேற்கும் முறை. வளர்ந்த பூனை அதையே தனக்கு வேண்டியவர்களிடம் செய்கிறது.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இன்னொன்று. டார்வின் 1872-லேயே, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய புத்தகத்தில், இதைப் படத்தோடு போட்டிருந்தார். சண்டைக்குத் தயாராகும் பூனை உடம்பைத் தாழ்த்தும், காதைப் பின்னால் ஒட்டவைக்கும். பிரியம் காட்டும் பூனை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யும்: நிமிர்ந்து நிற்கும், முதுகை லேசாக வளைக்கும், வாலைச் செங்குத்தாக்கும், உரசும். கத்ரியின் புத்தகம் வருவதற்கு 74 வருஷம் முன்னாடி! நூலகத்தில் இருந்த அறிவு ஏன் ஆய்வகத்துக்குள் வரவில்லை?

காரணம் சோம்பல் இல்லை என்று நினைக்கிறேன். ரோமனீஸ் வகைக் கதைகளைப் பார்த்து அலுத்த தலைமுறை அது. பூனைக்கு மனசு இருக்கிறது என்று சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் எல்லாவற்றையும் அளந்தவர்கள், அறையில் இருந்த தங்களை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. பூனையோ முதலில் கவனித்தது அவர்களைத்தான்.

அதே காலத்தில் வேறு மாதிரி கவனித்தவர்களும் உண்டு. 1944-ல் மில்ட்ரெட் மோல்க் வீட்டுப்பூனையின் சத்தங்களை ஒலியியல் முறைப்படி எழுதி 16 வகையாகப் பிரித்தார். 1956-ல் ஜெர்மனியின் பால் லைஹவுசன் பூனைகளின் நடத்தையைப் பற்றி விரிவான நூல் எழுதினார். ஒரே முகத்தில் கோபமும் பயமும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும் என்பதை அவர் படங்களாக வரைந்து காட்டினார். இவர்கள் பூனையிடம் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. அது என்ன செய்கிறது, யார் முன்னால் செய்கிறது என்று பார்த்தார்கள்.

நம்மிடமும் ஒரு பழைய வாசிப்பு இருக்கிறது: 'பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டுபோச்சுன்னு நினைக்குமாம்.' முட்டாள்தனத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம். 2020-ல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் பூனைகளைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி இமைத்தார்கள். பூனைகளும் பதிலுக்கு இமைத்தன. வெறுமனே கை நீட்டியவரைவிட, இமைத்துவிட்டுக் கை நீட்டியவரை நெருங்கவும் செய்தன. எதிரில் இருப்பவர் முன் கண்ணைச் சுருக்குவது, இருட்டிவிட்டது என்ற நினைப்பில் இல்லை. அது எதிரில் இருப்பவருக்கான பேச்சு.

கத்ரியின் படங்கள் பொய் சொல்லவில்லை. கன்னம், விலா, கம்பு, எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. கத்ரி 1959-ல் இறந்துவிட்டார். மூர், ஸ்டட்டர்ட் கட்டுரையை அவர் படிக்க வாய்ப்பில்லை. அந்தப் படங்களை இன்று பார்ப்பவர்கள் கம்பை மட்டும் பார்க்காமல், பூனையின் எதிரே, சட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.