ஓலையைப் படிக்க ஆள் வேண்டும்

கவிமணி என்றதும் நம் நினைவுக்கு வருவன குழந்தைப் பாடல்களும், மிஞ்சிப்போனால் மருமக்கள் வழி மான்மியமும்தான். 1876இல் தேரூரில் பிறந்த அவர் கல்வெட்டும் ஓலையும் தேடி அலைந்த ஆய்வாளர் என்பதைத் தமிழ் முதுகலை வகுப்புகளில் நாம் பெரும்பாலும் சொல்லுவதில்லை. (நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.) அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தார் காத்து வைத்திருந்த ஓலைகளைப் படித்து நகலெடுத்தவர் அவர். பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றை 'முதலியார் ஓலைகள்' என்னும் நூலாகப் பதிப்பித்தார்.

அரசர்களின் வீரப் பிரதாபங்களை அவ்வோலைகளில் தேடுவோர் ஏமாந்து போவர். வரித் தகராறு, நாட்டார் கூட்டம், நிலக் கைமாற்றம். அவற்றினிடையே, வயலை விற்பது போலவே மனிதரை விற்ற ஓலைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

இதை வகுப்பில் பேசிய ஒருநாள், பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த ஓலைய நானே படிக்க முடியுமா சார்?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று நாம் விசாரிக்கவில்லை. அச்சு நூல் நூலகத்தில் உண்டு என்றோம். அது அவள் கேட்ட கேள்விக்கு விடையன்று என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நாஞ்சில் நாட்டுப் பழைய ஆவணங்களைப் படிக்க வட்டெழுத்தும் மலையாண்மையும் தெரிய வேண்டும். மொழியோ தமிழும் மலையாளமும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்தது. ஆண்டு கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825 கூட்டினால்தான் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். எந்த எண்ணைக் கூட்டுவது என்பது மாதத்தைப் பொறுத்தது. தமிழ்த்துறை இதை வரலாற்றுத் துறையின் வேலை என்கிறது. வரலாற்றுத் துறையோ எழுத்து தமிழ்த்துறையின் பாடு என்கிறது. ஆளூரில் பிறந்த கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953இல் வெளியிட்ட பெருநூலுக்கு நிகராக மாவட்டத்தின் இன்னொரு கோயிலுக்கு நூல் வராமைக்கு இந்த இழுபறியும் ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

போதாக்குறைக்கு எல்லை வேறு. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் இப்பக்கம் வந்தன. அரசு ஆவணங்களில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களும் அங்கேதான் உள்ளன. 2022 டிசம்பரில் அந்நகரின் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலேறினால் மாலை திரும்பிவிடலாம். ஆனால் அங்கே போய் ஓலையைக் கையில் வாங்கி என்ன செய்வது?

வாய்ப்பே இல்லை என்று புலம்பவும் நமக்கு மனமில்லை. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கென்று பிரித்தானிய நூலகம் 2004இல் நிதித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் துணையுடன் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழக வேளாண் வரலாற்று ஆவணங்களை வீடு வீடாகத் தேடி மின்படிமமாக்கினார்கள். நாஞ்சில் நாட்டுப் பரண்களிலும் கட்டுகள் உண்டு. முதலியார் வீடு ஒன்றுதான் ஓலை வைத்திருந்தது என்று யார் சொன்னது?

நம் மாவட்டத்தில் படிப்புக்கு உதவித்தொகை புதிதுமன்று. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவபுரத்தில் 95 மாணவர்க்குச் சாலை அமைத்தான். காந்தளூர்ச் சாலை அதற்கு முன்மாதிரி. 45, 36, 14 என்று இடங்கள் அனைத்தும் மூன்று வேதப் பிரிவினருக்குப் பங்கிடப்பட்டன. பின்வரிசை மாணவிக்கு அங்கே இடமிருந்திராது.

இப்போது சனிக்கிழமைகளில் ஐந்து பேர் கூடி வட்டெழுத்துப் பழகுகிறோம். நாமும் மாணவராகவே உட்காருகிறோம். பிற்கால வட்டெழுத்தில் பகரம், யகரம், வகரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே வளைவு. நமக்கு இன்னும் குழம்புகிறது. அவளுக்குக் குழம்புவதில்லை.