உடையாத வார்ப்பிரும்பு

கீழே போட்டால் உடைந்துவிடும், அதுதான் வார்ப்பிரும்பின் சாபம். உள்ளே தகடு தகடாகக் கிடக்கும் கிராஃபைட் ஒவ்வொன்றும் ஒரு விரிசல் மாதிரி. (பி.காம். ஆசாமிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? கோலாப்பூர் கிளையில் ஃபவுண்டரி கடன் ஃபைல்கள் பார்த்துப் பார்த்து வந்த ஞானம்!)

1943-ல் அமெரிக்காவில், இன்கோ நிக்கல் கம்பெனி ஆய்வகத்தில் கீத் மில்லிஸ் போர்க்கால குரோமியம் தட்டுப்பாட்டுக்கு மாற்று தேடி, உருகிய இரும்பில் மக்னீசியம் கலந்தார். தகடு உருண்டையானது, இரும்பு வளைந்தது, உடையவில்லை. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

எஃகைச் சூடாக்கி, உருகிய உப்பில் நிறுத்திப் பதப்படுத்தும் வித்தையோ 1930-களிலேயே வந்தாயிற்று. ஆனாலும் இரண்டும் சேர்ந்து, கம்ப்ரசர் கிராங்க்‌ஷாஃப்டாக வியாபாரத்துக்கு வந்தது 1972-ல்தான்!

900 டிகிரி வாக்கில் சூடாக்கி, 250 முதல் 400 டிகிரிக்குள் உப்பில் வைப்பார்கள். உப்பின் சூடு குறைந்தால் கடினம் கூடும். கூடினால் வளையும் குணம் கூடும். எஃகைவிட எடை சுமார் 10 சதவீதம் குறைவு. லாரி தயாரிப்பாளர்களுக்கு அதுதான் கணக்கு.