ஒரு பில் நம்பரின் பயணம்

ஏப்ரல் 1. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எழுதுபவர் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து, விற்பனை பில்லுக்கு அந்த ஆண்டின் எண் வரிசையைப் போடுகிறார். முதலில் 2025-26 என்று நிதியாண்டு, பிறகு ஒரு சாய்கோடு, அதன்பின் நான்கு இலக்க எண். எண் போடும் முறை ‘ஆட்டோமேட்டிக்’. இனி எஃப்8 தட்டினால் அடுத்த நம்பர் தானாக வந்து நிற்கும். அப்படி வந்ததுதான் 2025-26/0417.

அதன் ஜாதகத்தை எழுதியது ஜிஎஸ்டி விதி 46. பில் நம்பர் 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. எழுத்து, எண், இடைக்கோடு, சாய்கோடு தவிர வேறு குறி கூடாது. வரிசை தொடர்ந்து வர வேண்டும். ஒரே நிதியாண்டில் அதே எண் இரண்டாவது பில்லுக்கு வரக் கூடாது. நம் நம்பருக்கு 12 எழுத்துகள்தான்.

ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய கடை என்பதால், பில் இ-இன்வாய்ஸ் தளத்துக்குப் போகிறது. அங்கே விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் நம்பர் ஆகிய நான்கையும் சேர்த்து 64 எழுத்து கொண்ட ஐஆர்என் (இன்வாய்ஸ் குறிப்பு எண்) உருவாகிறது. பூஜ்யத்திலோ சாய்கோட்டிலோ இடைக்கோட்டிலோ தொடங்கும் நம்பரை அந்தத் தளம் ஏற்காது. வெறும் 0417 என்று வைத்திருந்தால் வாசலிலேயே திரும்பியிருக்கும். இப்போது க்யூஆர் கோடுடன் அச்சாகி, பார்சலோடு மதுரைக்கு லாரி ஏறுகிறது.

ஆபத்து அடுத்த நாள் வருகிறது. 0415-ஆம் பில்லில் பார்ட்டி பெயர் தவறு. அவசரத்தில் ஆல்ட்+டி அழுத்தி அதை அழித்துவிட்டால் என்ன ஆகும்? எண்களை மறுவரிசைப்படுத்தும்படி டேலி அமைக்கப்பட்டிருந்தால், பின்னால் உள்ளவை ஒவ்வொன்றாக முன்னே நகரும். கணினியில் 0417 இருந்த இடத்தில் 0416 நிற்கும். மதுரைக் கடைக்காரர் கையில் இருக்கும் தாளிலோ, இ-இன்வாய்ஸ் பதிவிலோ அது 0417-தான். ஒரு விசை, அத்தனை பில்லும் பொய். ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் பில் ரத்தாகும், தொகை போய்விடும், நம்பர் தன் இடத்திலேயே இருக்கும். ஐஆர்என்-ஐத் தளத்திலும் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும். அந்த நேரம் தாண்டினால் வழக்கமான வழி கிரெடிட் நோட். ரத்தான நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது.

மாத முடிவில் நம்பர் பல வேஷம் போடுகிறது. வாடிக்கையாளருக்கு பிடிஎஃப், ஆடிட்டருக்கு எக்செல், ஜிஎஸ்டி தளத்துக்கு ஜேசன். சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செல்லில் திறப்பவர்கள் கவனிக்க வேண்டும்: வெறும் 0417 என்பது 417 ஆகிவிடும், 04/25 போன்ற நம்பர் தேதியாகவே மாறிவிடும். அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்து இறக்கினால் நம்பர் சிதையாது.

ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணை கேட்பது இதைத்தான்: எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, ரத்தானவை எத்தனை. அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் அது போய்ச் சேர்ந்தால், 14-ஆம் தேதி மதுரைக்காரரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் நம் 0417 தெரியும். அவர் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க அந்த பில் அங்கே இருந்தாக வேண்டும். அவர் தன் கொள்முதல் கணக்கோடு பொருத்திப் பார்ப்பதும் அந்த நம்பரை வைத்துத்தான். நாம் வரிசையைக் கலைத்தால் தவிப்பது நம்மை நம்பி வாங்கியவர்.

ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2025-26-க்கு அந்தத் தேதி 2026 டிசம்பர் 31. அதாவது 0417 குறைந்தது 2032 கடைசி வரை பதில் சொல்லக் காத்திருக்கும். ஆகவே ஏப்ரல் 1 அன்று முதல் பில் போடுவதற்கு முன் எண் அமைப்பை ஒருமுறை சரிபாருங்கள். தவறான பில்லை ரத்து செய்யுங்கள், ஒருபோதும் அழிக்காதீர்கள்.