பாட் விழுந்தது, வெள்ளி ஏன் ஆடியது?

1997 ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டை மிதக்கவிட்டது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 பாட் என்றிருந்த மதிப்பு, 1998 ஜனவரியில் 50-ஐயும் தாண்டிச் சரிந்தது. பேங்காக்கில் நடந்த இந்தக் கூத்துக்கும் கோலாலம்பூர் வங்கிகளுக்கும் என்ன தொடர்பு?

கதை 1993-இல் தொடங்குகிறது. வெளிநாட்டுப் பணத்தைக் கடனாகத் திரட்ட அந்த ஆண்டு பேங்காக்கில் தனி வங்கி வசதி திறக்கப்பட்டது. குறைந்த வட்டிக்கு டாலர் வாங்கலாம். உள்நாட்டில் கூடுதல் வட்டிக்குக் கொடுக்கலாம். டாலர் விலை மாறாது என்ற நம்பிக்கையில், நாணயச் சரிவுக்கு எதிராகப் பெரும்பாலோர் பாதுகாப்புத் தேடிக்கொள்ளவில்லை. வாங்கிய கடனில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டியது. கொடுத்த கடனோ ஆள் குடிவராத அடுக்குமாடிகளில் முடங்கிக் கிடந்தது. பாட்டின் மதிப்பு பாதியானபோது டாலர் கடனின் சுமை இருமடங்கானது. வாடகை வருமானம் கூடவில்லை. அவ்வாண்டு முடக்கப்பட்ட 58 நிதி நிறுவனங்களில் 56 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டன.

தாய்லாந்துக்கு அதிகக் கடன் கொடுத்தவை ஜப்பானிய வங்கிகள். அவை அண்டை நாடுகளுக்கும் கொடுத்திருந்தன. ஓரிடத்தில் கை சுட்டதும் எல்லா இடத்திலும் கடனைப் புதுப்பிக்கத் தயங்கின. முதலீட்டு நிதிகளும் அப்படியே. தாய்லாந்தில் பட்ட நட்டத்தை ஈடுகட்ட மலேசியப் பங்குகளை விற்றன. இந்தோனேசியாவில் 1997 நவம்பர் 1-ஆம் தேதி 16 வங்கிகள் மூடப்பட்டன. சிறு வைப்புகளுக்கு மட்டுமே உத்தரவாதம் இருந்ததால், நல்ல வங்கிகளின் வாசலிலும் மக்கள் வரிசை பிடித்தார்கள். மருந்தே நோயைப் பரப்பிய கதை அது.

மலேசியாவில் நோய் நுழைந்த வழி வேறு. வெளிநாட்டுக் கடனுக்குப் பேங்க் நெகாரா கட்டுப்பாடு வைத்திருந்ததால் டாலர் கடன் அந்த அளவுக்குக் குவியவில்லை. ஆனால், பங்குகளை ஈடாகப் பெற்று வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்திருந்தன. 1997 பிப்ரவரியில் 1,270 புள்ளிகளைத் தாண்டிய கோலாலம்பூர் பங்குக் குறியீடு, 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262-க்கு இறங்கியது. ஈடே கரைந்துவிட்டது. வெள்ளியைக் காக்க வட்டியை உயர்த்தியபோது, ஒழுங்காகக் கட்டி வந்த சிறு வணிகர்களும் தவணை தவறினர். வராக்கடன்களை வாங்க டானாஹர்த்தாவும், வங்கிகளுக்கு முதல் போட டானாமோடாலும் 1998-இல் அமைக்கப்பட்டன.

அதே செப்டம்பரில் டாலருக்கு 3.80 வெள்ளி என்று மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. பங்குச் சந்தைக்கு வந்த அந்நியப் பணம் 12 மாதங்களுக்கு வெளியேற முடியாமல் பூட்டப்பட்டது. அனைத்துலகப் பண நிதியத்தின் போக்குக்கு நேர்மாறான, துணிச்சலான முடிவுதான். ஆனாலும் பணம் பெருமளவு போன பிறகே கதவு சாத்தப்பட்டது என்று வாதிடும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. பூட்டுப் போடாத தாய்லாந்தும் தென்கொரியாவும்கூட 1999-இல் மீண்டும் வளர்ச்சி கண்டன. 3.80 வெள்ளி என்ற கணக்கு 2005 ஜூலை 21-ஆம் தேதி வரை நீடித்தது.