காம் போர்ட்டும் பாஸ்புக்கும்

வங்கிக் கம்ப்யூட்டர் என்றால் பலருக்குக் கோர் பேங்கிங்தான் ஞாபகம் வரும். திருப்பூணித்துறையில் பிழைக்க வந்த வங்கிக்காரனான எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை.

1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்தது. அதன் பிறகு கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் பரவின. வேலை போய்விடுமோ என்று ஊழியர்களுக்குப் பயம். அதனால் சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் மெஷின்கள் உள்ளே வந்தன. அடுத்து யூனிக்ஸ் சர்வர். அதிலிருந்து சீரியல் கேபிளில் டெர்மினல்கள், பாஸ்புக் பிரிண்டர்.

அந்தக் கேபிளுக்கான விதி 1960-ல் அமெரிக்காவில் வகுத்த ஆர்எஸ்-232. சாதாரண பிசியில் காம்1-க்கு ஐஆர்க்யூ 4, காம்2-க்கு 3. கார்டு போட்டு காம்3 சேர்த்தால் அதுவும் 4-ஐத்தான் கேட்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே அழைப்பு மணி மாதிரி! கார்டில் ஜம்பரை மாற்றிக் காலியான எண் கொடுக்கணும். வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் எல்லாம் இரு முனையிலும் ஒன்றாக இருக்கணும். வேகம் மாறினால் பாஸ்புக்கில் இருப்புத் தொகைக்குப் பதில் கிறுக்கல்தான்.

சின்ன விஷயமா இது? அதிகாரி சுருக்கொப்பம் போட்ட கையெழுத்தை நம்பிய பென்ஷன்காரர், இனி அச்சை நம்ப வேண்டும். தன் பணத்துக்கு அவர் கையிலிருந்த சாட்சி அந்தப் புத்தகம்தானே.

1996-ல் யூஎஸ்பி வந்தது. பிறகு மெல்ல மெல்ல சீரியல் போர்ட் பின்னுக்குப் போனது. பாஸ்புக் போகவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனால் அப்பா அம்மாவின் பாஸ்புக்கில் வரவு வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.