தெகல்தொருவச் சுவரும் கட்டபொம்மன் போஸ்டரும்

ஹேவாஹெட்டயிலிருந்து தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு வருகிறவர்கள் ராஜாக்களைப் படமாகப் பார்க்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று விகாரைச் சுவர், மற்றது கடைத்தெரு மதில். விகாரைச் சுவரைப் பற்றிக் கலை வரலாற்று ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக எழுதி வருகிறார்கள். மதிலில் ஒட்டியது சினிமா போஸ்டர். சரித்திரப் படங்களுக்காக ஓவியர்கள் கையால் வரைந்த அந்தப் போஸ்டரை விகாரைச் சித்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதற்கு நம்மவர்கள் பெரும்பாலும் கூசுகிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சுவருக்கு தெகல்தொருவ குகை விகாரையை எடுத்துக்கொள்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில், மகாவலிக்கு அப்பால் இருக்கிறது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கிய வேலை, அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் 1786இல் நிறைவேறியது. போஸ்டருக்கு பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), அதோடு அந்தக் காலத்துச் சரித்திரப் படங்கள் சில. இந்த ஜோடி வலிந்து சேர்த்ததல்ல. கண்டியை ஆண்ட அந்த அண்ணன் தம்பி மதுரையோடு உறவுள்ள நாயக்கர் வழி. கட்டபொம்மனும் நாயக்கர் பாளையக்காரர். தெகல்தொருவச் சித்திரம் முடிந்தபோது பாஞ்சாலங்குறிச்சியில் அவருக்கு வயது இருபத்தாறு. பதின்மூன்று வருடம் கழித்து, 1799இல், கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள்.

தெகல்தொருவவில் புத்தரின் முற்பிறப்புக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் சிவப்புத் தரையில் பட்டை பட்டையாக ஓடுகிறது. மழை தரும் வெள்ளை யானையைக் கலிங்கத்துப் பிராமணர்கள் கேட்கிறார்கள். இளவரசன் தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறான். ஊர் பொங்குகிறது. மனைவி மக்களோடு காட்டுக்குப் போகிறான். அங்கேயும் ஒருவன் வந்து பிள்ளைகளைக் கேட்டு வாங்கிப் போகிறான். ஒவ்வொரு கட்டத்திலும் அதே இளவரசன் மறுபடி வருகிறான், ஆனால் முகத்தைப் பார்த்து அவனைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா முகமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆடையையும் அவன் நிற்கும் இடத்தையும் வைத்தே ஆளைத் தெரிந்துகொள்கிறோம். நிழல் கிடையாது, தூரத்துப் பொருள் சிறுத்துப்போவதும் கிடையாது. ஒரு மரம் வந்து காட்சியைப் பிரிக்கும், வெற்றிடத்தைப் பூக்கள் நிரப்பும். கதையைப் பிடிக்க நாமும் சுவரோடு நடக்க வேண்டும்.

போஸ்டருக்கு அந்த அவகாசம் இல்லை. பஸ்ஸில் போகிறவருக்கு அது சில நொடி கண்ணில் படும். ஆகவே கதையில் ஒரே ஒரு கணம், அந்தக் கணத்தில் ஒரே ஒரு முகம். அன்றைய சரித்திரப் படப் போஸ்டர் எதையாவது கிட்டப்போய்ப் பாருங்கள். முகம் சற்றே திரும்பியிருக்கும். கன்னத்தில் ஆரஞ்சும் ரோஜாவும், தாடைக்குக் கீழே பச்சை நிழல், மீசையின் கருப்புக்குள் பளபளப்புக்காக ஒரு நீலக் கோடு. தூரிகை இழுத்த தடத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். பத்தடி பின்னால் வந்தால் அத்தனை நிறமும் ஒன்றாகி, கோபம் கொப்பளிக்கும் ஒரு மனிதர் எதிரே நிற்பார். கோட்டையும் குதிரைப்படையும் கீழே ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும்.

அந்த ஓவியர் கையில் பெரும்பாலும் இருந்தது ஸ்டூடியோ கொடுத்த கருப்பு வெள்ளை ஸ்டில். கட்டபொம்மன் வண்ணப்படம், அதை விடுங்கள். 'சந்திரலேகா' (1948), 'உத்தமபுத்திரன்' (1958), 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) எல்லாம் கருப்பு வெள்ளை. அந்த ராணிகளின் பட்டுக்கு என்ன நிறம் என்று திரை சொல்லவே இல்லை. சொன்னது போஸ்டர்தான். வாசலில் பார்த்த சிவப்பையும் பொன்னையும் மனதில் ஏற்றிக்கொண்டுதான் சனம் உள்ளே போய் உட்கார்ந்தது. படத்தில் இல்லாத ஒன்றைப் படத்துக்குக் கொடுத்தவரை வெறும் விளம்பரக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

உடை விஷயத்தில் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. ஜாதகக் கதை நடப்பது பண்டைய இந்தியாவில், தெகல்தொருவவில் இருப்பதோ பதினெட்டாம் நூற்றாண்டுக் கண்டிப் பிரதானிகளின் உடுப்பு. போஸ்டரிலும் பாண்டியனோ பாளையக்காரரோ, பாதி உடுப்பு நாடகக் கம்பனிப் பெட்டியிலிருந்து வந்தது: வெல்வெட் அங்கி, சரிகை, தலைப்பாகையில் இறகு. இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். எதிரில் இருக்கும் சனத்துக்கு எது ராஜகளையோ அதைத்தான் இரண்டு பேரும் தீட்டினார்கள்.

எழுத்தில் மட்டும் போஸ்டர் வெளிநாட்டைப் பார்த்தது. விகாரையில் சித்திரத்துக்குக் கீழே சிங்களத்தில் ஒரு வரி அடக்கமாக இருக்கும். போஸ்டரிலோ படத்தின் பெயர் கல்லில் வெட்டியதுபோலக் கனத்து நிற்கும். அதே 1959இல் வந்த 'பென்ஹர்' போஸ்டரில் பெயரே மலையளவு பாறையாக இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தெகல்தொருவவில் கதைதான் பெரியது, வெஸ்ஸந்தரனுக்கு நடித்தவன் என்று யாரும் கிடையாது. கட்டபொம்மன் என்றதும் நமக்கு வருவது அந்தப் படத்தில் நடித்த சிவாஜியின் முகம். கயத்தாற்றில் மாண்ட மனிதரின் முகம் போஸ்டருக்குப் பின்னால் போய்விட்டது. நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆருக்கு எத்தனை ராஜ வேடம்! 'நாடோடி மன்னன்' (1958) போஸ்டரில் நம் தோட்டத்துச் சனம் பார்த்தது மன்னனையா, எம்.ஜி.ஆரையா? கதை சொல்லும் திறத்தில் சுவருக்கே முதலிடம்.

சுவரை வரைந்தவர்களில் தலையானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. பெயர் இன்றும் நிற்கிறது. சாதிலிங்கச் சிவப்பு, வெண்களிமண், புகைக்கரி, பசைக்கு விளாம்பிசின் என்று கண்டிச் சித்திரக்காரர்களின் கைமுறையை எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்த முத்துக்குமாரசுவாமியின் மகன், 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலில் அதைச் செய்தார். போஸ்டர்காரர்களுக்கு அப்படி ஒருவர் உரிய காலத்தில் வாய்க்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு வந்து பேனர், காலண்டர், பத்திரிகைப் படம் மூன்றிலும் பேர் வாங்கிய கே. மாதவனையும், 'மொகலே ஆசம்' படத்துக்கு வரைந்த கோலாப்பூர் ஜி. காம்ப்ளேயையும் ஆராய்ச்சிக்காரர்கள் அறிவார்கள். மற்றவர்கள் மூலையில் ஒரு சின்னக் கையெழுத்தோடு முடிந்துபோனார்கள்.

சுவரைக் குகை காத்தது, பிறகு சட்டம் காத்தது. போஸ்டரை அடுத்த படத்தின் பசை வாளி மூடியது. இங்கே மலைநாட்டு மழை வேறு. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்ததும் இந்தியப் படங்களின் வரவு கட்டுக்குள் போனது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவோடு படச்சுருள்களும் எரிந்தன. மிச்சம் இருப்பது லயக் காம்பராக்களிலும் பழைய கடைகளிலும்தான்.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சினிமா நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் புத்தகத்துக்குச் சமமாக வைத்துப் பாதுகாக்கிறது. அந்தச் சேகரிப்பைத் தொடங்கிய கோட்டையூர் முத்தையா செட்டியாரே விளம்பரப் பலகை எழுதியவர்! ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஹேவாஹெட்ட, தெல்தோட்டை, ஹங்குரன்கெத்த பக்கத்தில் யார் வீட்டுப் பெட்டியிலாவது பழைய போஸ்டரோ நோட்டீசோ இருந்தால் அடுப்புக்குப் போடாதீர்கள். மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து நூலகம் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். எந்தப் படமாளிகையில் ஓடியது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தால் அதையும் கேட்டு எழுதி அனுப்புங்கள்.